மொட்டைமாடி சோலார் பந்தல் கூடுதல் தளமா? மனுவுக்கு அளவுகள் தேவை

வணக்கம். தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் 2019-க்குத் தெளிவுரை கேட்டு ஒரு மனு தயாராகிறது. நாலு பக்கமும் திறந்த சோலார் பந்தலைக் கட்டட உயரத்திலும் எஃப்.எஸ்.ஐ.யிலும் (மனைப் பரப்புக்கும் மொத்தத் தளப் பரப்புக்கும் உள்ள விகிதம்) சேர்க்கக் கூடாது என்பதே கோரிக்கை.

பந்தலை உயர்த்துவது அழகுக்காக அல்ல. கைப்பிடிச் சுவர் மூன்றரை அடி என்றால், சென்னையில் மார்ச் மாதக் காலை எட்டு மணிக்கு அதன் நிழல் ஏறக்குறைய ஏழடி நீளும். தண்ணீர்த் தொட்டி வேறு. பேனலுக்குள் மின்சாரம் தரும் சிறு செல்களைத் தொடராகக் கோத்திருப்பதால், பேனலின் ஓரத்தில் ஒரு சாண் நிழல் விழுந்தாலே மூன்றில் ஒரு பங்கு உற்பத்தி போகும். சில சமயம் முழுசும். எட்டடி உயர்த்தினால் பெரும்பாலும் தீர்ந்தது. கீழே துணியும் காயப்போடலாம்.

மறுப்பவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது: பந்தல் என்று போட்டுவிட்டு, தகரம் அடைத்து வாடகைக்கு விடுவது நடக்கிற கதைதான். அதனால் சுவர், தகரம் கூடாது, கட்டடங்கள் தாங்க வேண்டிய சுமைகளுக்கான இந்தியத் தரநிலையான ஐ.எஸ். 875-இன்படி சென்னைக்கு நொடிக்கு 50 மீட்டர் காற்று வேகத்துக்குப் பொறியாளர் சான்று வேண்டும் என்று நாமே மனுவில் சேர்த்திருக்கிறோம்.

பந்தல் போட்டிருக்கும் உங்களிடம் கேட்பது: பந்தல் உயரம், கைப்பிடிச் சுவர் உயரம், கிலோவாட், மாதவாரி யூனிட். 'கூடுதல் தளம்' என்று மறுத்த கடிதம் இருந்தால், பெயரும் கதவு எண்ணும் மறைத்து நகல் அனுப்புங்கள். போட்டோவில் அளவு டேப் தெரியட்டும். கண்ணளவுக் கணக்கு மனுவில் எடுபடாது.