பூச்சிமருந்து விஷம்: சிக்னல் அதிகமானால் கை ஏன் விழுந்துபோகிறது?

பருத்திக்காட்டான்:
போன மாதம் சித்தப்பா முகத்தில் ஒரு துணிகூடக் கட்டாமல் பருத்திக்கு மோனோகுரோட்டோபாஸ் அடித்தார். சாயங்காலமே வாயிலும் மூக்கிலும் நீராக ஒழுகி, கண்மணி சுருங்கி, மூச்சு இரைக்க ஆரம்பித்துவிட்டது. ஆஸ்பத்திரியில் அட்ரோபின் மேல் அட்ரோபினாகப் போட்டுக் காப்பாற்றிவிட்டார்கள், இப்போது வீட்டில்தான் இருக்கிறார். நரம்பு விடுகிற ரசாயனம் உடையாமல் தேங்கிவிட்டது என்று டாக்டர் சொன்னார். நரம்பில் ஓடுவது மின்சாரம் என்றுதானே படித்தோம், இதில் ரசாயனம் எங்கே வந்தது? அப்புறம், அது அதிகமாகிவிட்டது என்றால் கைகால் துள்ளத்தானே வேண்டும், அவருக்கு ஏன் கையைத் தூக்கவே முடியாமல் போனது?

நைட் டூட்டி:
நான் ஐசியூ நர்ஸ், தெரிந்ததைச் சொல்கிறேன். நரம்புக்குள் ஓடுவது மின்சாரம்தான், ஆனால் நரம்பின் நுனி தசையைத் தொடுவதில்லை, நடுவே சுமார் 50 நானோமீட்டர் இடைவெளி இருக்கிறது. மின்துடிப்பு நுனிக்கு வந்ததும் அங்கே கால்சியம் உள்ளே நுழையும், உடனே அசிட்டைல்கோலின் (டாக்டர் சொன்ன ரசாயனம் இதுதான்) அடைத்த குட்டிப் பைகள் சவ்வோடு ஒட்டித் திறந்து அதைக் கொட்டிவிடும், அது போய்த் தசையில் அதை வாங்கிக்கொள்வதற்கென்றே இருக்கும் ஏற்பிகளில் உட்காரும், தசை சுருங்கும். வேலை முடிந்த கணத்திலேயே அங்கேயே இருக்கும் ஒரு நொதி அசிட்டைல்கோலினை உடைத்துவிடும். எல்லாம் ஓரிரு மில்லிசெகண்டில் முடிந்துவிடும். மோனோகுரோட்டோபாஸ் போன்ற மருந்துகள் அந்த நொதியைத்தான் பிடித்து முடக்குகின்றன.

கை விழுந்ததற்குக் காரணம்: முதலில் தசை துடிக்கத்தான் செய்யும், தோலுக்கு அடியில் நெளிவது கண்ணுக்கே தெரியும். ஆனால் தசை ஒருமுறை சுருங்கியபின் பழைய நிலைக்குத் திரும்பினால்தான் அடுத்த சிக்னலை வாங்க முடியும். காலிங் பெல்லை அழுத்திய விரலை எடுக்காவிட்டால் மறுபடி எப்படி அடிப்பது? அசிட்டைல்கோலின் உடையாமல் அங்கேயே நிற்பதால் இங்கேயும் அதே கதைதான்.

தவளை ரசிகன்:
ரசாயனம் எங்கே வந்தது என்ற கேள்வியை ஒரு காலத்தில் பெரிய பெரிய விஞ்ஞானிகளே கேட்டுச் சண்டை போட்டிருக்கிறார்கள். 1921-இல் ஆஸ்திரியாவின் கிராஸ் நகரில் ஓட்டோ லோவி ஒரு தவளையின் இதயத்தை எடுத்து, அதற்குப் போகும் வேகஸ் நரம்பைத் தூண்டினார், துடிப்பு குறைந்தது. அந்த இதயம் ஊறிய திரவத்தை எடுத்து இன்னொரு தவளை இதயத்தில் விட்டார், எந்த நரம்பையும் தொடாமலே அதுவும் மெதுவானது! எடுத்து ஊற்றிய திரவத்தோடு நரம்பின் மின்துடிப்பா கூடப் போகும்? அந்தப் பொருள்தான் அசிட்டைல்கோலின் என்பது பின்னால் உறுதியானது, 1936-இல் லோவிக்கும் ஹென்றி டேலுக்கும் நோபல் கிடைத்தது. எனக்கு இதைவிடப் பிடித்தது 1926-இல் லோவியும் நவ்ராட்டிலும் கண்டது: ஆப்பிரிக்காவின் காலபார் அவரையிலிருந்து எடுக்கும் ஒரு விஷம், அசிட்டைல்கோலினை உடைக்கும் நொதியைத் தடுக்கிறது. உங்கள் சித்தப்பாவுக்கு நடந்தது கிட்டத்தட்ட இதேதான்.

கொல்லைப்புறம்:
நல்லபாம்பு கடித்தாலும் இமை தொங்கி மூச்சு அடங்குமே, அதுவும் இதுதானா?

நைட் டூட்டி:
இல்லை, நேர் எதிர். நல்லபாம்பு விஷம் தசையிலிருக்கும் ஏற்பிகளை அடைத்துக்கொள்கிறது, அசிட்டைல்கோலின் வந்தும் உட்கார இடமில்லை. அதனால்தான் விஷமுறிவு மருந்தோடு நியோஸ்டிக்மின் ஊசியும் போடுவோம். அது செய்வது என்ன தெரியுமா, அதே நொதியைத் தடுப்பது, அதாவது பூச்சிமருந்து செய்கிற வேலைதான், அளவோடு; அசிட்டைல்கோலின் உடையாமல் சேர்ந்து விஷத்தோடு போட்டிபோட்டு இடம் பிடிக்கட்டும் என்றுதான். கட்டுவிரியனுக்கு இது பெரும்பாலும் பலிக்காது, ஏனென்றால் அது நரம்பு நுனியையே சேதப்படுத்திவிடுகிறது, கொட்டுவதற்கே ஒன்றும் இருக்காது. நுனி மறுபடி சரியாகும்வரை வென்டிலேட்டர்தான்.

பருத்திக்காட்டான்:
நன்றி அக்கா. இன்னும் ஒன்று. எச்சில் நின்று நன்றாகப் பேச ஆரம்பித்த பிறகும் மூன்று நாள் ஐசியூவிலேயே வைத்துக்கொண்டு, வேளைக்கு வேளை "தலையணையிலிருந்து தலையைத் தூக்குங்கள்" என்றார்கள். பில் ஏற்றத்தான் என்று ஊரில் பேச்சு.

நைட் டூட்டி:
ஊர் பேசும். அட்ரோபின் எச்சில், சளி, இதயத் துடிப்பு இவற்றைத்தான் சரிசெய்யும், தசையிலிருக்கும் ஏற்பி வேறு வகை, அங்கே அது எட்டாது. ஆள் தேறிவிட்டார் என்று நினைக்கும்போது, ஒன்றிலிருந்து நாலு நாளுக்குள் கழுத்துத் தசையும் மூச்சுத் தசையும் திடீரென்று தளர்ந்துபோவது உண்டு. தலையைத் தூக்க முடியவில்லை என்பதுதான் பெரும்பாலும் முதல் அடையாளம், அதைப் பார்த்ததும் குழாய் போடத் தயாராகிவிடுவோம். அதனால் அவர்கள் செய்தது சரிதான்.

முடங்கிய நொதிக்குப் பதில் உடம்பு புதிதாக உண்டாக்க வாரக்கணக்கில் ஆகும், அதுவரை கொஞ்சம் மருந்து பட்டாலும் சீக்கிரம் ஏறிவிடும். செக்கப்பில் டாக்டர் சரி என்று சொல்லும்வரை ஸ்பிரேயர் பக்கமே விடாதீர்கள். அன்று போட்டிருந்த சட்டையை மற்ற துணியோடு சேர்த்துத் துவைக்க வேண்டாம், தோல் வழியாகவும் ஏறும்.