ரோகிணி: சூரியனைப் போல் 150 மடங்கா, 400 மடங்கா? ‘சகடு’ என்பதும் இதுதானா?

முகில்:
ரோகிணியின் (ஆல்டிபரன்) ஒளி சூரியனைப் போல் 150 மடங்கு என்று ஓரிடத்தில் இருக்கிறது, 400 மடங்கு என்று இன்னோரிடத்தில். எது சரி? ரிஷபத்தின் முகமாகத் தெரியும் வி வடிவக் கொத்தில் இதுவும் ஒன்றா? பஞ்சாங்கத்தில் ரோகிணி என்று போட்ட இரவிலும் நிலா இந்த மீனைவிட்டு எட்டியே நிற்கிறதே, ஏன்?

கதிர்மானி:
இரண்டும் சரிதான், அளப்பது வேறு வேறு. கண்ணுக்குப் புலப்படும் ஒளியை மட்டும் கணக்கெடுத்தால் சுமார் 150 மடங்கு. மேற்பரப்பு வெப்பநிலை 3,900 கெல்வின்தான் என்பதால் ஆற்றலில் பெரும்பங்கு அகச்சிவப்பாகப் போய்விடுகிறது. அதையும் சேர்த்தால் 400ஐத் தொடும்.

நீங்களே சரிபார்க்கலாம். கோண விட்டம் ஏறத்தாழ 0.02 விகலை (ஒரு பாகையில் 3,600இல் ஒரு பங்கு ஒரு விகலை), தொலைவு 65 ஒளியாண்டு. விகலையை 206,265ஆல் வகுத்துத் தொலைவால் பெருக்கினால் விட்டம் சுமார் 6 கோடி கி.மீ. வரும், அதாவது சூரியனைப் போல் 43 மடங்கு. ஆரத்தின் வர்க்கம், வெப்பநிலையின் நான்காம் அடுக்கு இரண்டையும் சூரியனோடு ஒப்பிட்டுப் பெருக்குங்கள், 400 பக்கத்தில் வந்து நிற்கும். வெப்பநிலையில் சிறு பிழை இருந்தாலும் நான்காம் அடுக்கு அதைப் பெரிதாக்கிவிடும். நூலுக்கு நூல் எண் மாறுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

நிறை மட்டும் சூரியனைவிடச் சற்றே கூடுதல். ஆகவே சராசரி அடர்த்தி நாம் சுவாசிக்கும் காற்றில் அறுபதில் ஒரு பங்குதான்! மையத்தில் ஹைட்ரஜன் தீர்ந்து, வெளியுறை உப்பிப்போன செம்பெருமீன் இப்படித்தான் இருக்கும்.

வான்கணக்கு:
கொத்தில் சேர்த்தி இல்லை. ஹயாடிஸ் எனப்படும் அந்த வி வடிவக் கொத்து சுமார் 150 ஒளியாண்டு தொலைவில் இருக்கிறது, ரோகிணி அதில் பாதித் தூரம்கூட இல்லை. நகரும் திசையும் வேறு. நம் பார்வைக் கோட்டில் குறுக்கே நிற்கிறது, அவ்வளவே.

நிலா விஷயம்: பஞ்சாங்க ரோகிணி என்பது மீன் அல்ல, 13 பாகை 20 கலை அகலமுள்ள வான்பகுதி. நிலா அதைக் கடக்க ஏறக்குறைய ஒரு நாள் ஆகும். மீன் இருப்பது அந்தப் பகுதி தொடங்கி 6 பாகை தள்ளி. பஞ்சாங்கத்தில் ரோகிணி தொடங்கிப் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் கழித்தே நிலா மீனுக்கு நேராக வரும். அப்போதும் ஒட்டி நிற்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது. ரோகிணி சூரியப் பாதைக்குத் தெற்கே ஐந்தரைப் பாகையில் இருக்கிறது. நிலா வடக்கே ஐந்து பாகையில் இருந்தால் இடைவெளி பத்தைத் தாண்டும். நிலா தெற்கு எல்லையில் போகும் ஆண்டுகளில் மீனையே மறைக்கும். 18.6 ஆண்டுச் சுழற்சி இது: 2015–2018இல் நடந்தது, அடுத்த வரிசை 2033இல். மறைவு முழுமையாக 25இல் ஒரு பங்கு நொடி பிடிக்கும். விட்டத்தை அளக்க அந்த நேரமே ஒரு வழி.

நாண்மீன்:
பெயர் பற்றி. சகடு என்றால் வண்டி. வி வடிவில் நிற்கும் மீன்கள் எல்லாம் சேர்ந்த உருவத்துக்கு வந்த பெயர் அது. தனி மீனுக்கு மட்டும் ஒட்டவைப்பது பொருந்தாது. சிலப்பதிகாரத்தின் மங்கல வாழ்த்தில் மணநாளன்று நிலா சேரும் சகடு இதுதான். ‘ரோகிணி’ நிறத்தால் வந்தது, சிவந்தவள். அரபிப் பெயரான அல்-தபரானுக்குப் பின்தொடர்வது என்று பொருள். கார்த்திகைக் கூட்டத்தின் பின்னாலேயே எழுவதால்.

கதிர்மானி:
ஒன்று விட்டுப்போனது. திருவாதிரையின் (பெட்டல்ஜூஸ்) ஒளி மாற்றத்தைக் கணிக்கப் பலரும் ரோகிணியை அளவுகோலாக வைக்கிறார்கள். இதன் ஒளியளவே (எண் குறைந்தால் ஒளி அதிகம்) 0.75 முதல் 0.95 வரை மெல்ல மாறும். கூடவே புனர்பூசத்தின் போலக்ஸையும் (1.14) பார்த்துக்கொள்ளுங்கள், மூன்றும் ஏறத்தாழ ஒரே உயரத்தில் இருக்கும் நேரத்தில். சிவப்பு மீனை உற்றுப் பார்க்கப் பார்க்கப் பிரகாசம் கூடுவதுபோல் தோன்றும். சட்டென ஒரு பார்வை, உடனே அடுத்த மீன்.