வழிகாட்டித் தியானத்தில் தோன்றியதை வரைந்தேன்: அந்தச் சித்திரம் யாருடையது?

கேள்வி: கொக்குவில் வாசகர்

நான் 32 ஆண்டுகள் விஞ்ஞானம் கற்பித்து ஓய்வுபெற்றவன். தியானத்தினால் உடலில் சக்தி பாய்கிறது, சக்கரங்கள் திறக்கின்றன என்பவற்றை நான் ஒருபோதும் ஏற்றதில்லை, இன்றும் ஏற்கவில்லை. மகளின் வற்புறுத்தலால் சென்ற மாதம் நல்லூருக்கு அருகே நடந்த சித்திரப் பட்டறை ஒன்றிற்குச் சென்றேன். கண்களை மூடச் சொல்லி, ஒலிப்பதிவில் ஒரு பெண்குரல் இருபது நிமிடம் வழிகாட்டியது: படிகளில் இறங்குங்கள், கதவைத் திறவுங்கள், தோட்டத்தைப் பாருங்கள். அதன்பின் பேசாமல் வரைய வேண்டும்.

எனக்குத் தோட்டம் தோன்றவில்லை. கப்பி உடைந்திருந்த காலத்தில் கையால் இழுத்த கயிறு எங்கள் பழைய கிணற்றுக்கட்டின் விளிம்பில் அறுத்துவைத்த பள்ளங்கள் தோன்றின. 1995 ஒக்டோபர் 30 போர்க்கால இடப்பெயர்வில் விட்டுவந்த கிணறு அது. திரும்பி வந்தபோது தூர்ந்திருந்தது. கரித்துண்டினால் அந்தப் பள்ளங்களை மட்டும் வரைந்தேன். இதயத்தின் குறுக்குவெட்டையும் பூவின் நெடுக்குவெட்டையும் கரும்பலகையில் வரைந்து பாகங்களைக் குறித்துப் பழகிய கை, எதையும் குறிக்கத் தேவையில்லாத ஒன்றை அன்றுதான் முதன்முதலாக வரைந்தது.

மற்றவர்களின் தாள்களில் பெரும்பாலும் கதவும் தோட்டமுமே இருந்தன. அவற்றை அந்தக் குரல் கொடுத்தது என்பது தெளிவு. அப்படியானால் என் கிணற்றையும் அந்தக் குரல்தான் கொடுத்ததா?

பதில் 1: சித்திர ஆசிரியை, மானிப்பாய்

ஐயா, சொல்லைக் கேட்டு உருவைக் காண்பது எங்கள் மரபுக்குப் புதிதன்று. கைகள் எத்தனை, எந்தக் கையில் எந்த ஆயுதம், நிறம் என்ன என்று தியான சுலோகம் கூற, சிற்பி அதன்படி உருவை மனத்தில் நிறுத்திய பின்னரே செதுக்கத் தொடங்குவார் என்பதைக் கலை வரலாற்றறிஞர் ஆனந்த குமாரசுவாமி விரிவாக விளக்கியிருக்கிறார். அங்கே நோக்கம், சிற்பியின் சொந்த விருப்பம் குறுக்கிடாமல் மரபின் உரு அப்படியே வரவேண்டும் என்பது. உங்களுக்கு நடந்தது அதற்கு எதிரானது. குரல் தோட்டத்தைச் சொன்னது, மனம் கிணற்றுக்குப் போயிற்று. அந்த விலகல் உங்களுடையது என்றே நான் கொள்வேன். கதவை வரைந்த மாணவரிடம் அது எந்த வீட்டுக் கதவு என்று கேட்டால், அங்கேயும் ஒரு விலகல் அகப்படக்கூடும்.

பதில் 2: மனநலப் பணியாளர்

காலையுணவு மேசையை மனத்தில் கொண்டுவரும்படி பலரைக் கேட்ட ஆங்கிலேய அறிஞர் பிரான்சிஸ் கால்ற்றன், சிலருக்கு எந்தக் காட்சியுமே தோன்றுவதில்லை என்பதை 1880இல் பதிவு செய்தார். அந்நிலைக்கு 2015இல் நரம்பியலாளர் அடம் சீமனும் சக ஆய்வாளர்களும் ‘அபன்ராசியா’ என்று பெயரிட்டனர். ஆகவே, எதுவும் தோன்றாதவரைக் கவனக்குறைவானவர் என்று எண்ணலாகாது.

எனக்குக் கவலை வேறிடத்தில். எங்கோ எழுதப்பட்ட வழிகாட்டலை இங்கே அப்படியே ஒலிக்கவிடுகிறார்கள். கண்ணை மூடிப் படிகளில் இறங்கச் சொன்னால், போரின் செல்லடிக் காலத்தைக் கடந்துவந்த பலருக்கு முதலில் தோன்றுவது பதுங்கியிருந்த பங்கர்தான். கண்களைத் திறந்துவைத்திருக்கலாம், விரும்பிய கணத்தில் எழுந்து செல்லலாம், வரையாமலும் இருக்கலாம் என்பதைத் தொடங்குமுன்னரே சொல்ல வேண்டும். தயவுசெய்து பட்டறை நடத்துவோர் இதனைச் சிறிய விடயமாக எண்ணாதீர்கள்.

பதில் 3: திருநெல்வேலி மாணவன்

சேர், ஒலிப்பதிவு இல்லாமல் அதே இருபது நிமிடம் அமர்ந்து வரைந்து பாருங்களேன்.

கேள்வி கேட்டவர்

தம்பி சொன்னபடி செய்தேன். ஒலிப்பதிவோடு மீண்டும் அமர்ந்த நாளில் சொல்லப்பட்ட கதவே வந்தது. சித்திரத்தில் உயிர் இல்லை. ஒலிப்பதிவின்றி மாமரத்தின் கீழ் அமர்ந்த நாளில், கிணற்றின் உட்சுவர் வெடிப்பில் முளைத்திருந்த ஆலங்கன்று வந்தது. ஒருவனின் சில முயற்சிகள் சான்றாகமாட்டா. எனினும், எனக்கு உதவியது குரலைவிட யாரும் என்னிடம் எதையும் கேட்காத அந்த இருபது நிமிடம் என்றே தோன்றுகிறது.

இரண்டாவது பதிலை வாசித்தபின் ஒன்று நினைவுக்கு வந்தது. அன்று பட்டறையில் என் பக்கத்தில் இருந்த ஓர் அம்மா, குரல் படிகளைப் பற்றிச் சொன்னவுடனேயே எழுந்து வெளியே போனார், திரும்பி வரவில்லை. அவருக்குச் சலித்துவிட்டது என்று எண்ணியிருந்தேன். பட்டறை நடத்தியவர்களிடம் இந்த வாரமே பேசுகிறேன்.