செவன் இலெவன் கடை எடுக்கலாமா, வேண்டாமா?

இர்விங்வாசி:
வணக்கம். டல்லாஸ் பக்கம் பதினான்கு வருடமாக ஐடி வேலை. இப்போது அது ஆட்டம் காண்கிறது. சேமிப்பைப் போட்டு, நானும் மனைவியும், இரவும் பகலும் திறந்திருக்கும் செவன் இலெவன் சங்கிலிக் கடை ஒன்றை ஃபிரான்சைஸ் (கம்பெனி பெயரில் நாமே நடத்துவது) எடுக்கலாமா என்று பார்க்கிறோம். இடம், கட்டடம், ஃப்ரீசர் எல்லாம் கம்பெனி பொறுப்பு. நுழைவுக் கட்டணமும் முதல் சரக்குக்கான பணமும் நம்முடையது. சரக்கின் அசல் விலை போக நிற்கும் மொத்த லாபத்தில் அவர்களுக்கும் பங்கு. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மளிகைமணி:
தைரியமாக எடுங்கள் தம்பி. 1927-ல் உங்கள் டல்லாஸில் ஐஸ் கட்டி விற்ற இடத்தில் பாலும் ரொட்டியும் வைத்துத் தொடங்கிய கடை இது. 1974-ல் டோக்கியோவில் முதல் கடை போட்ட ஜப்பான்காரர்கள், அமெரிக்கத் தாய்க் கம்பெனி கடனில் முழுகியதும் 1991-ல் அதையே கையில் எடுத்துக்கொண்டார்கள். இன்று உலகம் முழுக்க 80,000-க்கு மேல் கடைகள். தனியாகக் கடை வைத்தால் வாடகை, கூலர், சப்ளையர் என்று திறப்பதற்குள்ளேயே பாதிப் பணம் போய்விடும். நியூஜெர்சியில் எனக்கு அப்படித்தான் போனது.

கணக்குப்பிள்ளை:
மணி அண்ணா, 80,000 கடை கம்பெனிக்குப் பலம். கடைக்காரருக்கு என்ன மிஞ்சும்? 'மொத்த லாபம்' என்ற சொல்லைக் கவனியுங்கள். பேச்சுக்கு, 100 டாலர் விற்பனையில் அசல் 65 என்று வைப்போம். மீதி 35-ல் பாதி, 17.50 உங்களுக்கு. ஆள் சம்பளம் அந்த 17.50-லிருந்துதான் போக வேண்டும். அவர்கள் பங்கை அது தொடாது. ராத்திரி 2 மணிக்கு ஒரே ஒரு காப்பி விற்றாலும் அவர்களுக்கு வரவு, உங்களுக்கு நட்டம்.

2019-ல் ஜப்பானில், ஹிகாஷி ஒசாகாவில், ஒரு கடைக்காரர் மனைவியை இழந்து, வேலைக்கும் ஆள் கிடைக்காமல் இரவில் கடையை அடைத்தார். கம்பெனி 1.7 கோடி யென் அபராதம் கட்டச் சொன்னது. வருடக் கடைசியில் ஒப்பந்தமே ரத்தானது.

மளிகைமணி:
அந்தச் சண்டைக்குப் பிறகு ஜப்பானில் இரவு அடைக்க விரும்பும் கடைகளுக்குக் கம்பெனி வழி விட்டதே, அதையும் சொல்லுங்கள். கட்டடத்துக்கும் ஃப்ரீசருக்கும் முதல் போட்டவர் பங்கு கேட்கத்தான் செய்வார். கூட்டத்தை இழுக்கும் பெயர் சும்மா கிடைக்குமா?

கணக்குப்பிள்ளை:
சரி, அவர்கள் பங்கு கேட்பது நியாயம்தான். ஆனால் பெயரை மட்டும் நம்பாதீர்கள். இந்தோனேசியாவில் 2009-ல் இதே பெயரில் ஒரு உள்ளூர் கம்பெனி கடை போட்டது. ஜகார்த்தாப் பிள்ளைகள் ஒரு ஸ்லர்ப்பி (ஐஸ் பானம்) வாங்கிக்கொண்டு மணிக்கணக்கில் வாசல் மேசைகளில் உட்கார்ந்தார்கள். கூட்டம் இருந்தது, வரவு போதவில்லை. 2015-ல் சிறு கடைகளில் பீர் விற்க அரசு தடை போட்டது. பக்கத்திலேயே இந்தோமாரெட், அல்ஃபாமார்ட் போட்டி. 2017 ஜூன் 30-ஓடு எல்லாக் கடையும் மூடியாகிவிட்டது.

இரவுப்பணி:
குறுக்கிடுகிறேன், மன்னியுங்கள். வேறொரு சங்கிலிக் கடையில், அக்கா வீட்டுக்காரர் எடுத்த ஃபிரான்சைஸில், ஒன்றரை வருடம் இரவில் நின்றவள் நான். ஹாட்டாக் வாட்டும் மெஷினின் உருளைகளைச் சுரண்டிக் கழுவி முடித்தால் சாண்ட்விச் தேதி பார்க்க வேண்டும். காலாவதியானதை ஒவ்வொன்றாக ஸ்கேன் செய்து கறுப்புப் பையில் போட வேண்டும். நாலு மணிக்கு ரொட்டி வண்டி வரும். அத்தான் பின்னறையில் பால் கிரேட்டுகள்மேல் ஷூவைக் கழற்றாமல் படுத்திருப்பார். கதவு மணி அடித்தால் எழுந்துவிடுவார். லாபம் வந்தது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அத்தான் கடை நடத்திய மூன்று வருடத்தில் சொந்தத்தில் நடந்த ஒரு கல்யாணத்துக்கும் அவர் வரவில்லை.

கணக்குப்பிள்ளை:
இர்விங்வாசி, பணம் கட்டவோ கையெழுத்துப் போடவோ குறைந்தது 14 நாள் முன்பே ஃபிரான்சைஸ் விவர ஆவணத்தை அவர்கள் தர வேண்டும். அது அமெரிக்க விதி. 20-வது பகுதியில், போன வருடம் விட்டுப் போனவர்களின் பெயரும் தொடர்பு விவரமும் இருக்கும். நன்றாக நடத்துபவர்களைக் கம்பெனியே காட்டும். விட்டுப் போனவர்களை நீங்கள்தான் தேடிக் கூப்பிட வேண்டும்.

மளிகைமணி:
இதில் எனக்கும் சம்மதம். அப்புறம், நீங்கள் பார்க்கும் அந்தக் கடையின் மூன்று வருட விற்பனைக் கணக்கைக் கேளுங்கள். அது நன்றாக இருந்தால் எடுங்கள் என்றுதான் இன்னமும் சொல்வேன்.

இர்விங்வாசி:
எல்லோருக்கும் நன்றி. ஆவணம் கேட்டு எழுதிவிட்டேன். இரவுப்பணி அக்கா எழுதியதை மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். செவ்வாய், புதன் ராத்திரி யார் நிற்பது என்று கேட்டாள். உட்கார்ந்து வாரத்தின் ஏழு ராத்திரிக்கும் பெயர் எழுதிப் பார்த்தோம். மூன்று கட்டம் காலியாகவே இருக்கிறது.