தூர்வாரிய கண்மாயால் ஊருக்கு என்ன பலன்? எப்படி அளப்பது?

வரத்துக்கால்:
வளங்குன்றா வளர்ச்சி முதுகலை ஆய்வேட்டுக்கு சிவகங்கைப் பக்கம் ஒரு மானாவாரிக் கண்மாயை எடுத்திருக்கிறேன். குடிமராமத்துத் திட்டத்தில் (ஊரார் பங்கோடு நீர்நிலைகளைச் சீரமைக்கும் அரசுத் திட்டம்) தூர்வாரியது. முன்னும் பின்னும் உள்ள நீர்ப்பரப்பை செயற்கைக்கோள் படத்தில் ஒப்பிட்டால் பலனைச் சொல்லிவிடலாமா? கையில் எட்டு மாதம் இருக்கிறது.

கலுங்கு:
நீர்ப்பரப்பை மட்டும் வைத்துச் சொல்லாதீர்கள். தூர்வாரினால் ஆழம்தான் கூடும், பரப்பு அப்படியே இருக்கலாம்.

கோடையில் கண்மாய் வற்றியதும் லெவல் கருவியோடு இறங்குங்கள். கலுங்கின் (கண்மாய் நிறைந்ததும் உபரி நீர் வழியும் தடுப்பு) மேல்மட்டத்தை 0 என்று வைத்து, 25 மீட்டர் கட்டங்களாக உள்வாய் (கரைக்கு உள்ளே நீர் நிற்கும் பகுதி) முழுக்க மட்டம் எடுங்கள். ஒவ்வொரு மடையின் (வயலுக்கு நீர் விடும் மதகு) அடிமட்டத்தையும் மறக்காமல் குறியுங்கள், விஷயமே அதில்தான் இருக்கிறது. மடை மட்டத்துக்குக் கீழே தோண்டிய பள்ளத்தில் நிற்கிற தண்ணீர் தானாக வயலுக்குப் பாயாது. மாட்டுக்கும் மீனுக்கும் ஆகும், கிணற்று ஊற்றுக்கும் உதவலாம். ஆக, கொள்ளளவு கூடியும் பாசனம் கூடாமல் போகலாம். இரண்டையும் தனித்தனிக் கணக்காகக் காட்டுங்கள். கரையடியை ஒட்டி மண் எடுத்திருந்தால் அதையும் எழுதுங்கள், கரை பலவீனப்படும்.

படம் வேண்டுமென்றால் சென்டினல்-2 செயற்கைக்கோள் இருக்கிறது, 2015-க்குப் பிறகுதான் கிடைக்கும். அதற்கு முன்னால் லேண்ட்சாட், 30 மீட்டர் துல்லியம்; சின்னக் கண்மாயின் ஓரம் அதில் சரியாகத் தெரியாது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை மேகம் மறைக்கும், ரேடார் படமான சென்டினல்-1 கைகொடுக்கும். நெய்வேலிக் காட்டாமணக்கு மண்டிய இடத்தை சென்டினல் இரண்டுமே தண்ணீர் இல்லை என்று காட்டிவிடும், அங்கே நேரில் போய்ப் பாருங்கள்.

கடைமடை:
ஊர்ப் பக்கத்தையும் சொல்கிறேன். கிராம நிர்வாக அலுவலரிடம் அடங்கல் (எந்த நிலத்தில் என்ன பயிர் என்ற பதிவேடு) கேளுங்கள். அது பசலி ஆண்டுக் கணக்கு: 1433 என்றால் 2023 ஜூலை முதல் 2024 ஜூன் வரை. மழைக் கணக்கை ஜனவரி–டிசம்பர் என்று எடுத்து அதோடு பொருத்தினால் எல்லாம் தவறிப்போகும்.

பட்டாவில் பெயர் இருப்பவரே உழுகிறார் என்று நம்பவேண்டாம். வாரத்துக்கும் (விளைச்சலில் பங்கு) குத்தகைக்கும் பயிர் வைப்பவர் பட்டாவில் வரமாட்டார். தலைமடை, நடுமடை, கடைமடை ஒவ்வொன்றிலும் 15 குடும்பமாவது பாருங்கள். கிணறு உள்ளவர், இல்லாதவர் என்று பிரியுங்கள். சொந்தக் கிணறு வந்தபின் மடை வேலைக்கும் வரத்துக்கால் (கண்மாய்க்கு நீர் கொண்டுவரும் வாய்க்கால்) வெட்டவும் ஆள் குறைகிறதா என்பது முக்கியமான கேள்வி.

நிலமில்லாதவர்களுக்குத் தனிப் பட்டியல் போடுங்கள். மேய்ச்சல், மீன் பாசி ஏலம், சீமைக்கருவேல் வெட்டிக் கரிமூட்டம் போடுவது எல்லாம் அவர்கள் பிழைப்பு. கருவேலத்தை அகற்றியதை நேரே 'நன்மை' என்று எழுதினால் இவர்கள் வருமானம் போனது கணக்கிலேயே வராது.

வரத்துக்கால்:
நன்றி ஐயா. ஒரு கண்மாய் போதுமா?

கலுங்கு:
போதாது. மேல்கண்மாய் நிறைந்து மறுகால் (கலுங்கில் வழியும் உபரி நீர்) பாய்ந்துதான் கீழ்க்கண்மாய் நிறையும். மேலே ஆழப்படுத்தினால் கீழே வரத்து குறையலாம். தொடரில் அடுத்தடுத்த மூன்றையாவது எடுங்கள். மூன்றிலும் மட்டம் எடுக்க நேரம் இல்லையென்றால், தூர்வாரியதில் முழு அளவை; மற்ற இரண்டிலும் கலுங்கில் அளவுகோல் வரைந்து, மறுகால் போன தேதியையும் நீர் உயரத்தையும் மழைக்காலம் முழுக்க ஒருவர் தினமும் குறிக்க ஏற்பாடு செய்யுங்கள். நீர்பாய்ச்சி (ஊர் சார்பில் மடை திறந்து நீர் பங்கிடுபவர்) இன்னும் இருக்கிற ஊரென்றால் அவரே சரியான ஆள், கூலி கொடுத்துவிடுங்கள்.