கேமியோ, கண்டினியூட்டி சண்டை: உங்களுக்கு இன்னும் உறுத்துகிற ஒரு சம்பவம் சொல்லுங்கள்

நீலப்பெட்டி:

கேமியோ என்றால் பழைய முகம் ஒன்று சற்று நேரம் வந்து போவது, கண்டினியூட்டி என்றால் கதை தான் முன்பு சொன்னதோடு பொருந்துவது. நேராக விஷயத்துக்கு வருகிறேன். காலப்பயணம் செய்யும் டாக்டரைப் பற்றிய பிரிட்டிஷ் தொடர் டாக்டர் ஹூ, 2022 அக்டோபர் ஸ்பெஷல், டாக்டராக நடித்த ஜோடி விட்டேக்கர் விடைபெற்ற எபிசோட். கடைசியில் பழைய துணைப்பயணிகள் வட்டமாக நாற்காலி போட்டு உட்கார்ந்து பேசுவார்களே, அந்தக் காட்சி. நான், அப்பா, என் நண்பன் மூன்று பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம். ஏஸ், டீகன், ஜோ, மெல் என்று ஒவ்வொரு முகமாகப் பெயர் சொல்லிக்கொண்டே வந்தோம். அந்த வட்டத்தில் ஒரு பெரியவர். எனக்கு யாரென்று பிடிபடவில்லை. அப்பாதான் கையை நீட்டி "இயன்!" என்றார்.

வில்லியம் ரசல். 1963-இல் முதல் எபிசோடிலேயே வந்தவர், 1965-இல் விடைபெற்றவர். 57 வருடம் கழித்து அதே இயன் செஸ்டர்டனாக, 97 வயதில். அவர் பயணம் செய்த காலத்தில் டாக்டர் ஆண்; இப்போது டாக்டரை யாரோ 'அவள்' என்று சொன்னதும், தன் காதில் விழுந்தது சரிதானா என்று கேட்பார். அவ்வளவுதான் அவருக்கு வசனம்.

நண்பன் ரிமோட்டை எடுத்து அங்கேயே நிறுத்திவிட்டான். "டேய், இது கண்டினியூட்டி தப்பு. 2010-இல் இன்னொரு பழைய துணைப்பயணி சாரா ஜேன் என்ன சொன்னா? இயனும் அவரோட பயணம் செஞ்ச பார்பராவும் கல்யாணம் பண்ணிக்கிட்டு கேம்பிரிட்ஜ்ல பேராசிரியரா இருக்காங்க, அறுபதுகளுக்கு அப்புறம் வயசே ஆகலைன்னு சொன்னாளே. இவருக்கு எப்படி இவ்வளவு வயசாச்சு?"

நானும் விடவில்லை. சாரா ஜேன் அதை வதந்தி என்றுதான் சொன்னாள், அவளே உறுதியாகச் சொல்லவில்லை என்று ஆரம்பித்தேன். பத்து நிமிடம் போயிருக்கும். அந்தப் பத்து நிமிடமும் திரையில் அவர் முகம் வாய் பாதி திறந்தபடி உறைந்து நின்றது. அப்பா எங்கள் இருவரையும் பார்க்கவே இல்லை. அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ரசல் 2024-இல் இறந்த செய்தி வந்தபோது எனக்கு முதலில் ஞாபகம் வந்தது அந்த உறைந்த முகம்தான். உங்களுக்கும் இப்படி ஏதாவது இருந்தால் எழுதுங்கள்.

இரட்டைச்சூரியன்:

எனக்கு அக்கா மகள். பத்து வயது. ஸ்டார் வார்ஸ் படங்களில் பின்னாளில் முகமூடி போட்ட வேடராக மாறும் அனகின் என்றால் அவளுக்கு உயிர். அனகின் சின்னப் பையனாக வருவதிலிருந்து ஆரம்பித்து வரிசையாகப் பார்த்துக்கொண்டே வந்தவள். ரிட்டர்ன் ஆஃப் த ஜெடையின் கடைசிக் காட்சி, இறந்துபோன மூன்று பேர் ஒளி உருவமாக நிற்பார்கள். "மாமா, அனகின் வந்துட்டான்! பழைய மாதிரியே வந்துட்டான்!" என்று சோபாவில் ஏறி நின்று கத்தினாள்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "இது அசல் இல்லடா கண்ணு. 1983-இல் அந்த இடத்துல நின்னவர் செபாஸ்டியன் ஷா. 2004 டிவிடிலதான் அவரை எடுத்துட்டு ஹேடன் கிறிஸ்டென்சனை வெச்சாங்க. மகன் லூக் கொஞ்ச நேரத்துக்கு முன்னாடிதான் முகமூடியைக் கழற்றி வயசான முகத்தைப் பார்த்தான், இந்த இளம் முகத்தை அவனுக்கு எப்படி அடையாளம் தெரியும்?"

நான் சொன்னதில் ஒரு வார்த்தை தப்பில்லை. இன்றும் அந்த மாற்றம் எனக்குப் பிடிக்காது. ஷாவின் அந்தக் களைத்த முகத்துக்கு ஒரு நிம்மதி கிடைத்ததே, அதை எடுத்தது அநியாயம். ஆனால் குழந்தை சோபாவிலிருந்து மெதுவாக இறங்கி உட்கார்ந்துவிட்டாள். "அப்போ இவன் நிஜமா வரலையா?" என்று கேட்டாள். அந்தக் கேள்விக்கு என்னிடம் இன்னும் பதில் இல்லை.

பொறியறை:

நீலப்பெட்டி, உங்கள் நண்பரை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். கதை தனக்குத்தானே உண்மையாக இருக்கவேண்டும் என்று எதிர்பார்ப்பது அன்பில்லாமல் வருவதில்லை. நான் அந்தக் கட்சிதான். அதனால் ஒன்றை இழந்தும் இருக்கிறேன்.

ஸ்டார் ட்ரெக் விண்வெளித் தொடர், 1992, ரெலிக்ஸ் எபிசோட். பழைய என்டர்பிரைஸ் கப்பலின் பொறியாளர் ஸ்காட்டி, ஆட்களை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு நொடியில் அனுப்பும் டிரான்ஸ்போர்ட்டரில் 75 வருடம் சிக்கிக் கிடந்து வெளியே வருகிறார். மீட்க வந்தது என்டர்பிரைஸ் என்று சொன்னதும், தன் பழைய கேப்டன் ஜிம் கிர்க்கே கப்பலைக் கிளப்பிக்கொண்டு வந்திருப்பார் என்று பூரித்துப்போகிறார். சரி. இரண்டே வருடத்தில் ஜெனரேஷன்ஸ் படம் வருகிறது. அதன் தொடக்கத்திலேயே கிர்க் இறந்துவிட்டதாக எல்லோரும் நம்புகிறார்கள், ஸ்காட்டி அதே கப்பலில் இருக்கிறார். அவர் காணாமல் போனது அதற்கு அப்புறம். பிறகு எப்படி கிர்க் வந்திருப்பார் என்று நினைப்பார்?

அண்ணனும் நானும் இதைப் பேசாத நாளில்லை. ஒருநாள் அண்ணன் சொன்னான்: "75 வருஷம் கழிச்சு உடம்பு ஒரு நொடியில திரும்பி வந்துடுச்சு. மனசு உடனே வந்துடுமா? கண்ணைத் திறந்ததும் செத்துப்போன நண்பனைத்தான்டா முதல்ல தேடும்."

நான் அதை ஏற்கவில்லை. படத்தின் தொடக்கத்து வசனங்கள் முதலில் கிர்க்கின் நண்பர்கள் ஸ்போக்குக்கும் மெக்காய்க்கும் எழுதப்பட்டவை, அந்த நடிகர்கள் நிமோயும் டிஃபாரஸ்ட் கெல்லியும் மறுத்ததால் ஸ்காட்டியையும் செகாவையும் கொண்டுவந்தார்கள், ஓட்டை அங்கே விழுந்தது, இதில் மனசுக்கு வேலையே இல்லை என்று ஒரே மூச்சில் சொன்னேன். ரெலிக்ஸை எழுதிய ரொனால்ட் மூரேதான் ஜெனரேஷன்ஸையும் இன்னொருவரோடு சேர்ந்து எழுதினார், தெரிந்தேதான் விட்டிருக்கிறார் என்றும் சொன்னேன். அண்ணன் சரி என்று எழுந்து போய்விட்டான். அதற்கப்புறம் ஸ்டார் ட்ரெக் பற்றி அவன் என்னிடம் வாயைத் திறக்கவில்லை. நண்பர்கள் போனபிறகு எனக்குப் புரிகிறது, அவன் அன்றைக்கு ஸ்காட்டியைப் பற்றி மட்டும் பேசவில்லை.

நெற்றிமேடு:

பொறியறை சொல்வதற்கு நேர் எதிர் என் அனுபவம். ஸ்டார் ட்ரெக்கில் வரும் வேற்றுக்கிரக இனமான கிளிங்கான்களின் நெற்றி. 1966 தொடரில் வழுவழுப்பு, 1979 படத்திலிருந்து மேடும் பள்ளமும். ஏன் என்று வருடக்கணக்கில் கேட்டுக்கொண்டிருந்தோம். 1996-இல் டீப் ஸ்பேஸ் நைன் என்ற பிந்தைய தொடரின் ஆட்கள் காலம் தாண்டி, முதல் தொடரின் பழைய ட்ரிபிள் எபிசோடுக்குள் போகிறார்கள், தங்களோடு இருக்கும் கிளிங்கான் வொர்ஃபிடம் இதையே கேட்கிறார்கள். வெளியாட்களிடம் நாங்கள் இதைப் பேசுவதில்லை என்று முடித்துவிடுகிறார். என் ஸ்நேகிதன் ஒருத்தன் அந்தக் குரலை அப்படியே பேசுவான். யார் எதைக் கேட்டாலும் எங்கள் கூட்டத்துக்குள் அதுதான் பதில்.

2005-இல் என்டர்பிரைஸ் தொடரில் வைரஸ், மரபணு மாற்றம் என்று இரண்டு எபிசோடில் முழுக் காரணத்தையும் சொன்னார்கள். கதை நன்றாகவே இருந்தது, குறை சொல்லமாட்டேன். ஆனால் பார்த்து முடித்த ராத்திரி அவன் கூப்பிட்டு, "இனிமே அதைச் சொல்ல முடியாதில்ல?" என்றான். எல்லா ஓட்டையையும் அடைக்கவேண்டும் என்று நினைப்பவர்கள் இதை யோசிக்கவேண்டும்.

வரிசைஎண்:

இரட்டைச்சூரியன், உங்கள் அக்கா மகள் விஷயத்தில் தவறு எங்கே தொடங்கியது என்றால், வரிசையில். நானும் பட்டிருக்கிறேன். என் மனைவிக்கு எபிசோட் ஒன்றிலிருந்து, அதாவது 1999 படத்திலிருந்து, போட்டுக் காட்டினேன். எம்பயர் ஸ்ட்ரைக்ஸ் பேக்கில் வேடர் லூக்கிடம் நான்தான் உன் அப்பா என்று சொன்னபோது அவள் முகத்தில் எதுவுமே இல்லை. அவ்வளவுதான் என் கதை.

அதனால் எல்லோருக்கும் சொல்கிறேன். முதல் தடவை பார்ப்பவர்களுக்கு வெளிவந்த வரிசைதான் நல்லது: 1977, 1980, 1983, அப்புறம் 1999, 2002, 2005. எழுதியவர்களுக்கு எது எப்போது தெரிந்ததோ, அந்த வரிசையிலேயே பார்ப்பவருக்கும் தெரியவரும். 1977 படத்தில் ஹான் முதலில் சுட்டானா, அவனைப் பிடிக்க வந்த கிரீடோவா என்ற சண்டையைப் படம் முடிந்தபிறகு எடுங்கள். 1997 ஸ்பெஷல் எடிஷனில் மாற்றினார்கள், பிறகும் அந்த இடத்தில் கை வைத்தார்கள், நீங்கள் காட்டும் பிரதி எது என்று உங்களுக்குத் தெரிந்திருந்தால் போதும். நாவல்களைப் பற்றிக் கேட்டால், 2014-இல் லூகாஸ்ஃபிலிம் பழைய விரிவுபடுத்திய கதைகளையெல்லாம் 'லெஜண்ட்ஸ்' என்று தனியே ஒதுக்கியது, ஆனாலும் படிக்கலாம், யாரும் தடுக்கவில்லை என்று சொல்லுங்கள். முக்கியமாக, குழந்தை கேட்டால் உடனே பதில் சொல்லாதீர்கள். லூக்கோடு பிறந்த லேயா, தன் அம்மாவைக் கொஞ்சம் ஞாபகம் இருக்கிறது என்று ரிட்டர்னில் சொல்கிறாள். 2005 படத்தில் அந்த அம்மா பத்மே பிரசவத்திலேயே இறந்துவிடுகிறாள். என் மகன் இதைக் கண்டுபிடித்தபோது, நீ என்ன நினைக்கிறாய் என்றுதான் கேட்டேன். வளர்த்த அம்மாவைச் சொல்கிறாள் என்றான் முதலில். மறுநாள் வந்து, இல்லை, ஃபோர்ஸ் என்ற அந்த மந்திர சக்தியில் பார்த்திருப்பாள் என்றான். அவனே இரண்டு விளக்கம் கட்டிக்கொண்டான். நான் சொல்லியிருந்தால் ஒன்றோடு நின்றிருக்கும். அப்புறம் கேமியோ வரும்போது பக்கத்தில் இருப்பவரின் முழங்கையை இடிக்காதீர்கள். தெரிந்தவர் தானாகச் சிரிப்பார், தெரியாதவர் கதையைப் பார்க்கட்டும்.

கண்ணாடிப்பிம்பம்:

வரிசைஎண், இங்கே யாரும் வரிசை கேட்கவில்லையே. அந்தக் குழந்தை எந்த வரிசையில் பார்த்திருந்தாலும் அவள் நேசித்த முகத்தைத்தான் தேடியிருப்பாள்.

என்னுடையது ஸ்டார் வார்ஸ் படமான ரோக் ஒன், 2016. 1977 படத்தின் வில்லன் டார்கின் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறார், ஜன்னல் கண்ணாடியில் மங்கலாக முகம் தெரிகிறது. அதோடு விட்டிருந்தால் கையெடுத்துக் கும்பிட்டிருப்பேன். திரும்பினார். 1977-இல் டார்கினாக நடித்த பீட்டர் குஷிங் 1994-இல் இறந்தவர். கை ஹென்றி என்பவர் நடித்து, அவர் முகத்தின்மேல் கணினியில் குஷிங்கை ஏற்றியிருக்கிறார்கள். குடும்பத்தார் அனுமதியோடுதான் செய்தார்கள், அது எனக்கும் தெரியும். எனக்கு அந்தக் கண்கள் சரிப்படவில்லை. இமை மூடித் திறக்கும்போது கன்னம் அசையாமல் இருந்தது போலப் பட்டது.

படம் முடிந்ததும் தங்கையிடம், எப்படி இருந்தார் டார்கின் என்று கேட்டேன். "யாரு, அந்த ஒல்லியான ஆபீசரா? நல்லா நடிச்சாரே" என்றாள். அவளுக்கு அவர் உயிரோடு இருக்கும் ஒரு நடிகர். நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருக்கவேண்டுமா என்று இன்றுவரை தெரியவில்லை. இயன் செஸ்டர்டன் விஷயத்தில் எனக்குப் பொறாமையாக இருக்கிறது, நீலப்பெட்டி. அந்த நாற்காலியில் அவரே வந்து உட்கார்ந்திருந்தார்.

யூனிட்தேதி:

நீலப்பெட்டியின் நண்பருக்கு ஒன்று சொல்லவேண்டும். இதைப் படித்தால் அவருக்கும் பிடிக்கும்.

டாக்டர் ஹூவில் வரும் ராணுவ அமைப்பான யூனிட்டின் கதைகள் எழுபதுகளில் நடந்தனவா எண்பதுகளிலா என்ற சண்டை நம் எல்லோருக்கும் தெரியும். 1975-இல் பிரமிட்ஸ் ஆஃப் மார்ஸில், யூனிட்டின் தலைவர் பிரிகேடியர் பணியில் இருந்த காலத்தைச் சேர்ந்த சாரா ஜேன் தான் 1980-இலிருந்து வந்தவள் என்கிறாள். 1983-இல் வந்த மாட்ரின் அன்டெட் கதையில், பிரிகேடியர் 1976-லேயே ஓய்வு பெற்று, 1977-இல் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருக்கிறார். இரண்டும் சேரவே சேராது. 2013 ஐம்பதாவது ஆண்டு ஸ்பெஷலில்கூட அவர் மகள் கேட், எழுபதுகளோ எண்பதுகளோ, தேதியிடும் முறையைப் பொறுத்தது என்று சொல்லவேண்டியதாயிற்று.

இதற்காக ஒருவரிடம் நான் மிகக் கடுமையாகப் பேசியிருக்கிறேன். நேரில். அவர் பிரிகேடியரின் தொப்பி போட்டுக்கொண்டு வந்திருந்தார். பிரிகேடியராக நடித்த நிக்கலஸ் கோர்ட்னி இறந்து சில வாரம்தான் ஆகியிருந்தது. அந்தப் பாத்திரம் 1983-இல் திரும்பி வந்திருக்கவே கூடாது என்று சொன்னேன். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, "எனக்கு அந்தக் கதைதான் ரொம்பப் பிடிக்கும். அவருக்கு ஞாபகம் திரும்பி வர்ற இடம்" என்றார். வேறு ஒன்றும் பேசவில்லை.

அப்புறம்தான் தெரிந்துகொண்டேன். அந்த வாத்தியார் வேடம் முதலில் பிரிகேடியருக்கு எழுதியதே இல்லை. இயன் செஸ்டர்டனுக்கு. இயன் முதல் எபிசோடிலேயே அறிவியல் வாத்தியார் அல்லவா, அவரைப் பள்ளிக்கூடத்தில் சந்திப்பதாக யோசித்திருந்தார்கள். வில்லியம் ரசலால் அப்போது வரமுடியவில்லை. அவர் வந்திருந்தால் இந்தத் தேதிக் குழப்பம் இப்படி முற்றியிருக்காது. அந்த வட்டத்தில் அவரைப் பார்த்தபோது எனக்கு 1983-தான் கண்முன் வந்தது. தொப்பி போட்டிருந்தவரும் வந்தார்.

நீலப்பெட்டி:

யூனிட்தேதி, இது எனக்குத் தெரியாது. உடனே நண்பனுக்கு அனுப்பினேன். "அப்போ 39 வருஷம் லேட்டா வந்திருக்கார்" என்று பதில் போட்டான். வேறு எதுவும் சொல்லவில்லை. அவனுக்கு அது ரொம்பப் பெரிய வார்த்தை.

முதல் பதிவில் ஒன்றை விட்டுவிட்டேன். எழுத மனசு வரவில்லை. பழைய கறுப்பு-வெள்ளை எபிசோடுகளை நானும் அப்பாவும் சேர்ந்துதான் பார்த்தோம். தொலைந்துபோனவற்றுக்கு ரசிகர்கள் ஒளிபரப்பின்போதே பதிவு செய்துவைத்த ஒலி இருக்கிறதே, அதைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்போம். த சேஸ் கதையின் கடைசியில் இயனும் பார்பராவும் 1965 லண்டனுக்குத் திரும்பிச் சந்தோஷமாகச் சுற்றுவதைப் புகைப்படங்களாகக் காட்டுவார்கள். அப்பாவுக்கு அந்தப் புகைப்படங்கள் அவ்வளவு பிடிக்கும்.

அன்றைக்கு நாங்கள் சண்டை போட்டுக்கொண்டிருந்தபோது அப்பா திரையைப் பார்த்தபடியே மெதுவாக ஒன்று கேட்டார். "பக்கத்துல பார்பரா இல்லையே?"

நாங்கள் இரண்டு பேரும் பதில் சொல்லவில்லை. கேட்காத மாதிரி ப்ளே அழுத்திவிட்டோம்.

இன்று உங்கள் எல்லாப் பதிவுகளையும் படித்துவிட்டு அப்பாவைக் கூப்பிட்டேன். பார்பராவாக நடித்த ஜாக்லின் ஹில் 1993-லேயே போய்விட்டார் என்று சொன்னேன். கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் சத்தமே இல்லை. அப்புறம், "சேஸ் கடைசி எபிசோடை எடுத்து வை, ஞாயிற்றுக்கிழமை வர்றேன். உன் ஃப்ரெண்டையும் வரச் சொல்லு" என்றார்.