தட்டைப் பாதத்தோடு வெயிட் தூக்குபவர்கள், உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்

தட்டைப் பாதம் (நிற்கும்போது பாதத்தின் உள்வளைவு தரையோடு படிந்துவிடுவது) இருந்தால், இரும்பு பாரைத் தோளில் ஏற்றி உட்கார்ந்து எழும் ஸ்குவாட் பக்கமே போகக் கூடாது என்று யாராவது சொன்னால் எனக்கு இன்றைக்கும் கோபம் வருகிறது. நான் சேர்ந்த முதல் ஜிம்மில் டிரெய்னர் என் காலை ஒரு தடவை பார்த்துவிட்டு, "தம்பி, உங்களுக்கு மெஷின் போதும், பார் வேண்டாம், முட்டி போயிடும்" என்று முடித்துவிட்டார். அக்கறையில்தான் சொன்னார். ஆனால் கணுக்கால் எவ்வளவு மடங்குகிறது, குதிகால் எந்தப் பக்கம் சாய்கிறது என்று எதையும் பார்க்கவில்லை.

அதையெல்லாம் பார்த்தவர் பிறகு நான் போன ஒரு பிசியோதெரபிஸ்ட். முதலில் பின்னால் நின்றுகொண்டு என்னை நுனிக்காலில் எழும்பச் சொன்னார். எழும்பியதும் உள்பக்கம் வளைவு தெரிந்தது, குதிகாலும் உள்நோக்கித் திரும்பியது. அப்புறம் சாதாரணமாக நிற்கும்போது என் பெருவிரலை மட்டும் மேலே தூக்கினார், மறுபடியும் வளைவு எழுந்தது. பாதத்தின் அடியில் குதிகாலிலிருந்து விரல்கள் வரை ஒரு கெட்டியான நார்ப்பட்டை ஓடுகிறது, பெருவிரல் மேலே மடங்கும்போது உருளையில் கயிறு சுற்றுவது போல அது இழுபட்டு வளைவைத் தூக்குகிறது. 1954லேயே ஹிக்ஸ் என்கிற ஆய்வாளர் இதை விளக்கி எழுதியிருக்கிறார். "வளைவு இருக்கு சார், பாரம் ஏறினா படுத்துடுது, அவ்வளவுதான்" என்றார் பிசியோதெரபிஸ்ட். இந்த வகை நெகிழ்வான தட்டைப் பாதம். வலி இல்லாவிட்டால் இதற்கு வைத்தியமே தேவையில்லை என்று அவர் சொன்னபோதுதான் எனக்கு மூச்சு வந்தது.

அடுத்து அவர் செய்ததைத்தான் எல்லோருக்கும் சொல்ல ஆசைப்படுகிறேன். வெறும் உடம்போடு ஸ்குவாட் உட்காரச் சொல்லி, என் உள்வளைவுக்கு அடியில் விரல் நுனியை நுழைத்துக்கொண்டு, "என் விரலை மிதிக்காம உட்காருங்க" என்றார். பாதி தூரம் போவதற்குள் மிதித்துவிட்டேன். உடனே சுவர்ப் பக்கம் கூட்டிப்போய், பெருவிரலைச் சுவரிலிருந்து 10 சென்டிமீட்டர் தள்ளி வைத்து, குதிகால் எழும்பாமல் முட்டியால் சுவரைத் தொடச் சொன்னார். இடது கால் தொட்டது, வலது கால் கிட்டக்கூடப் போகவில்லை. கணுக்கால் முன்னால் மடங்க மறுத்தால் உடம்பு வேறு வழி தேடும்: பாதம் வெளியே திரும்பும், வளைவு உள்ளே சரியும், அதோடு கீழ்க்கால் எலும்பு உள்நோக்கிச் சுழன்று முட்டியையும் இழுத்துக்கொண்டு போகும். குதிகாலுக்கு அடியில் சின்னதாக ஒரு சரிவுக்கட்டை வைத்துவிட்டு மறுபடி உட்காரச் சொன்னார். இந்தத் தடவை அவர் விரல் தப்பித்தது. அதாவது என் விஷயத்தில் பாதி குற்றவாளி பாதமே இல்லை, இறுகிப்போன கெண்டைக்கால்.

அதிலிருந்து கெண்டைக்காலை இழுத்துவிடுவது, இரண்டு குதிகாலுக்கும் நடுவில் ஒரு சின்னப் பந்தை அமுக்கிக்கொண்டு நுனிக்காலில் எழும்புவது, விரல்களைச் சுருட்டாமல் பெருவிரலின் அடிப்பகுதியைக் குதிகாலை நோக்கி இழுத்துப் பிடிப்பது, இவை மூன்றும் தினமும் உண்டு. பாருக்கு அடியில் நிற்கும்போது குதிகால், பெருவிரலின் அடி, சுண்டுவிரலின் அடி ஆகிய மூன்று இடமும் தரையில் இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பேன். வளைவைத் தூக்குகிறேன் என்று பாதத்தை வெளிப்பக்கமாகச் சாய்த்துவிடாதீர்கள், பெருவிரல் பக்கம் தரையை விட்டு எழும்பினால் மொத்தப் பிடிமானமும் போச்சு. 20 கிலோ வெறும் பாரில் ஆரம்பித்து 2.5 கிலோவாகத்தான் ஏற்றினேன். போனைப் பின்னால் வைத்துப் படம் எடுத்து, கடைசி ரெப்பில் முட்டி உள்ளே விழுகிறது என்றால் அடுத்த முறையும் அதே வெயிட்தான். பாரை வைக்கும் இரும்புச் சட்டமான ரேக்கில், பார் நழுவினால் தாங்கும் சேஃப்டி பார் போடாமல் பாரைத் தோளில் ஏற்றுவதே இல்லை.

*

அண்ணா, ஷூ பற்றி நான் சேர்த்துக்கொள்கிறேன். மெத்தென்ற ரன்னிங் ஷூவோடு ஸ்குவாட் செய்துகொண்டிருந்தபோது பாரம் ஏற ஏற அந்த மெத்தை உள்பக்கமாக அமுங்குவதை என் கோச்தான் கவனித்துச் சொன்னார். ஏற்கெனவே சரிகிற பாதத்துக்கு அடியில் தரையும் சரிந்தால் என்ன ஆகும்? இப்போது குதிகால் கிட்டத்தட்ட 2 சென்டிமீட்டர் உயர்ந்த, அடிப்பாகம் கெட்டியான லிஃப்டிங் ஷூ போடுகிறேன். தரையிலிருந்து பாரைத் தூக்கி நிமிரும் டெட்லிஃப்டுக்கு அது வேண்டாம், மெல்லிய தட்டையான அடிப்பாகம் போதும், ஏனென்றால் அங்கே முட்டி அவ்வளவு முன்னால் போவதில்லை. ஷூவுக்குள் பாதத்துக்கு அடியில் வைக்கும் இன்சோலும் வைத்துப் பார்த்தேன். கெட்டியானது எனக்கு நன்றாகவே உதவியது, ஆனால் அதைப் போட்டால் புது வளைவு வளர்ந்துவிடும் என்று யாரும் நம்ப வேண்டாம், பெரியவர்களின் பாதத்தில் அது அப்படி வேலை செய்வதில்லை. போட்டிருக்கும்வரை தாங்கும், கழற்றினால் பழைய பாதம்தான்.

*

நண்பர்களே, என் கதை கொஞ்சம் வேறு. எனக்குப் பிறவியிலேயே தட்டை கிடையாது. நாற்பதைத் தாண்டிய பிறகு இடது பாதம் மட்டும் மெல்லத் தாழ ஆரம்பித்தது. கணுக்காலின் உள்பக்க முட்டெலும்புக்குப் பின்னால் ஒரு வலி, தொட்டால் வீக்கம் தெரியும். பின்னாலிருந்து பார்த்த என் மனைவி, "ஏங்க, இந்தக் கால்ல வெளிப்பக்கம் விரல் நிறையத் தெரியுதே" என்றாள். எலும்பு மருத்துவரும் முதலில் பார்த்தது அதைத்தான்! பிறகு ஒற்றைக் காலில் நுனியில் எழும்பச் சொன்னார், என்னால் குதிகாலை அசைக்கக்கூட முடியவில்லை. வளைவைத் தாங்கிப் பிடிக்கும் டிபியாலிஸ் போஸ்டீரியர் என்கிற தசையின் நாண் (தசையை எலும்போடு பிணைக்கும் நார்) பழுதாகியிருந்தது. நின்றுகொண்டு தூக்குவதையெல்லாம் நிறுத்திவிட்டு, உட்கார்ந்தும் படுத்தும் செய்கிற பயிற்சிகளோடு கணுக்காலைத் தாங்கும் பட்டையும் போட்டுக்கொண்டு, அந்த நாணைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்கித்தான் திரும்ப வந்தேன். ஒரு பக்கம் மட்டும் புதிதாகத் தட்டையானாலோ, உள்கணுக்காலில் வலியும் வீக்கமும் இருந்தாலோ தயவுசெய்து ஜிம்மில் யோசனை கேட்காதீர்கள், மருத்துவரிடம் போங்கள். இது தானாகச் சரியாகிவிடும் என்று விட்டால் நாண் மேலும் நைந்துபோகும்.

*

வெயிட் தூக்க ஆசைப்படும் டீன் ஏஜ் பிள்ளைகளின் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. என் மகனுக்கு நுனிக்காலில் நின்றாலும் வளைவு வரவில்லை, பாதமும் விறைப்பாக இருந்தது. ஸ்கேனில் பார்த்தால் பாதத்தின் இரண்டு எலும்புகள் ஒட்டிப்போயிருந்தன. இந்த மாதிரிப் பாதத்தை எந்த உடற்பயிற்சியாலும் வளைக்க முடியாது, வளைக்கப் பார்க்கவும் கூடாது. அவனுக்கு எது சரி, எது வேண்டாம் என்று மருத்துவர் சொன்ன பிறகுதான் பார் பக்கம் விட்டோம்.

*

முதலில் எழுதியவன்தான். மேலே இருவர் சொன்னதும் ரொம்ப முக்கியம், நான் எழுதியது வளைந்து கொடுக்கிற, வலியில்லாத பாதத்துக்கு மட்டும். தனிச்செய்தியில் ஒருவர் லஞ்ச் (lunge, ஒரு காலை முன்னால் வைத்து முட்டியை மடக்கி இறங்கும் பயிற்சி) பற்றிக் கேட்டிருந்தார்: ஒற்றைக்காலில் பாரம் வரும்போது சரிவு அதிகமாகத் தெரியும், அதனால் டம்பெல் எடுக்காமல், ஒரு கையால் ரேக்கைப் பிடித்துக்கொண்டு, முன்கால் முட்டி இரண்டாவது விரலுக்கு நேராகப் போகிறதா என்று பார்த்துச் செய்யுங்கள். கையை எடுத்தும் முட்டி ஆடவில்லை என்றால் டம்பெல் எடுக்கலாம்.